முனியாண்டி அரிவாளுக்கு விஞ்ஞான விளக்கம் தேவையா?

கோலாலம்பூரில் அனிமேஷன் படிக்கும் ஒரு தம்பி எழுதிக் கேட்டிருந்தார். பினாங்கின் பத்து காவானில் நடக்கும் ஒரு சூப்பர்ஹீரோ சித்திரக்கதையைத் தமிழில் வரைகிறாராம். பழைய தோட்டத்து முனியாண்டி கோயிலில் இருந்த அரிவாள், கோயில் இடம் மாறியபோது ஒரு தாத்தாவின் அடுக்குமாடி வீட்டுக்கு வந்து சேர்கிறது. பேத்தி அதைக் கையில் எடுக்கிறாள், சக்தி வருகிறது. அவருடைய கேள்வி இது: “இந்த அரிவாளை ஏதோ வேற்றுக்கிரக உலோகம் என்றோ நானோ தொழில்நுட்பம் என்றோ விளக்கிவிடலாமா? தோர் படத்திலேயே மாயமும் அறிவியலும் ஒன்று என்றுதானே சொல்கிறார்கள்? அப்படி விளக்கினால்தான் இன்றைக்கு வாசிப்பவர்கள் ஏற்பார்கள் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். சாமியின் பெயரை அப்படியே வைக்கலாமா என்பதும் குழப்பமாக இருக்கிறது.”

சுருக்கமான பதில்: விளக்க வேண்டாம், தம்பி. அரிவாள் அரிவாளாகவே இருக்கட்டும். ஆனால் அதற்கு விதி வேண்டும், விலையும் வேண்டும். காரணத்தைச் சொல்லக் கொஞ்சம் நீளமாகப் போக வேண்டியிருக்கிறது, ஏனென்றால் உங்கள் நண்பர்கள் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. நான் பாயான் லெப்பாசில் சிப் சோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன். சின்ன வயதிலிருந்தே காமிக்ஸ் வாசிக்கிறேன். இரண்டு உலகமும் எனக்கு வேண்டியவை என்பதால், இரண்டையும் ஒன்றாகக் கரைக்கும்போது எது தொலைகிறது என்பது என்னை உறுத்திக்கொண்டே இருக்கும்.

முதலில் அந்த வசனத்தைப் பார்ப்போம். 2011ல் வந்த தோர் படத்தில் ஜேன் ஃபாஸ்டர், மாயம் என்பது நமக்கு இன்னும் புரியாத அறிவியல்தான் என்று ஆர்தர் சி. கிளார்க்கின் பெயரைச் சொல்கிறாள். கிளார்க் எழுதியது புனைகதை என்று அவளுடன் வேலை செய்யும் செல்விக் மறுக்கிறார். பிறகு தோரே அவளிடம், உங்கள் முன்னோர் மாயம் என்றதை நீங்கள் அறிவியல் என்கிறீர்கள், நான் வரும் இடத்தில் இரண்டும் ஒன்று என்று சொல்லிவிடுகிறான்.

கிளார்க் 1956 முதல் இலங்கையில் வாழ்ந்தவர். போதிய அளவு முன்னேறிய எந்தத் தொழில்நுட்பத்தையும் மாயத்திலிருந்து பிரித்தறிய முடியாது என்ற அவருடைய மூன்றாம் விதி, 1973ல் அவர் நூல் ஒன்றின் திருத்திய பதிப்பில் இடம்பெற்றது. அந்த விதி பார்க்கிறவரைப் பற்றியது. எப்படி வேலை செய்கிறது என்று தெரியாதவர் கண்ணுக்கு ஒரு கருவி மாயம்போலப் படும் என்கிறது, அவ்வளவுதான். படம் அதைத் தலைகீழாக்கி, மாயம் என்று நாம் சொல்வதெல்லாம் உண்மையில் முன்னேறிய தொழில்நுட்பம் என்று முடிவு கட்டுகிறது. பினாங்குக்காரர்கள் எல்லாரும் மலேசியர்கள்; அதற்காக மலேசியர்கள் எல்லாரும் பினாங்குக்காரர்கள் ஆகிவிட மாட்டார்கள்.

ஆனாலும் அந்த வசனத்தை எழுதியவர்களுக்கு ஓர் உண்மையான தேவை இருந்தது. மார்வெலின் படவரிசை 2008ல் அயர்ன் மேனில் தொடங்கியது. குகைக்குள் கிடைத்த உதிரிபாகங்களை வைத்து இரும்புக் கவசம் செய்யும் பொறியாளன் அதன் நாயகன். மூன்றே ஆண்டில் அவன் வாழும் அதே உலகத்துக்குள், வானவில் பாலத்தில் இறங்கி வரும் வட ஐரோப்பியப் பழங்கடவுளைக் கொண்டுவர வேண்டும். அதனால் 1962ல் காமிக்ஸில் தாதியாக இருந்த ஜேன் படத்தில் வானியற்பியலாளர் ஆனாள். பைஃப்ரோஸ்ட் என்ற அந்த வானவில் பாலத்துக்கு ஐன்ஸ்டைனும் ரோசனும் 1935ல் எழுதிய கட்டுரையிலிருந்து பெயர் கிடைத்தது. ஷான் கேரல் என்ற இயற்பியலாளரிடம் ஆலோசனையும் கேட்டார்கள். பார்வையாளரைப் பயமில்லாமல் உள்ளே அழைத்துவர ஒரு கதவு தேவைப்பட்டது, செய்தார்கள். அதில் எனக்குக் குறையில்லை.

இந்தப் பழக்கம் படத்துக்கும் முந்தையது. 1940ல் காமிக்ஸில் வந்த முதல் கிரீன் லான்டர்னின் விளக்கு மந்திர விளக்கு. 1959ல் அதே பெயரில் வந்த புதிய நாயகனுக்கு மோதிரத்தைக் கொடுத்தவர் செத்துக்கொண்டிருந்த ஒரு வேற்றுக்கிரக வீரர். எகிப்து இளவரசனின் மறுபிறவியாக 1940ல் பிறந்த ஹாக்மேன், 1961ல் தானகார் என்ற கிரகத்திலிருந்து வந்த போலீஸ்காரன் ஆனான். இரண்டு மாற்றத்துக்கும் ஆசிரியராக இருந்தவர் ஜூலியஸ் ஷ்வார்ட்ஸ், அதற்கு முன் அறிவியல் புனைகதை எழுத்தாளர்களுக்கு முகவராக இருந்தவர். 1957ல் ஸ்புட்னிக் பறந்துவிட்டது, பையன்கள் எல்லாம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மந்திர விளக்கு பழசாகத் தெரிந்தது. நம் ஊர்ப் பட நாயகன் சிச்சாக் மேன்கூட 2006ல் ஆய்வுக்கூடத்துக் கிருமியும் பல்லியும் விழுந்த காப்பியைக் குடித்துத்தான் சக்தி பெற்றார். ஆக, உங்கள் நண்பர்கள் சொல்வதற்குப் பின்னால் அறுபது ஆண்டுக்கு மேற்பட்ட வழக்கம் நிற்கிறது.

இனி தோரின் சுத்தியலுக்கு வருகிறேன். உங்கள் அரிவாளுக்கு மிக நெருங்கிய உறவு அதுதான்.

தோரின் தந்தை ஓடின் சுத்தியலைப் பூமிக்கு எறியும்போது அதன் காதில் ஒரு நிபந்தனை சொல்கிறார்: தகுதி உள்ளவர் எவர் இதை ஏந்தினாலும் அவருக்குத் தோரின் சக்தி கிடைக்கும். நியூ மெக்சிகோவில் ஊர்க்காரர்கள் வண்டியில் கட்டி இழுக்கிறார்கள், வண்டிதான் பிய்ந்துபோகிறது. அரசு அமைப்பு வந்து சுற்றிலும் கூடாரம் போட்டு ஆராய்கிறது. யாராலும் அசைக்க முடியவில்லை. 2013ல் வானியற்பியலாளர் நீல் டிகிராஸ் டைசன், அது நியூட்ரான் விண்மீன் பொருளால் ஆனதாக இருந்தால் முப்பதாயிரம் கோடி யானை எடை இருக்கும் என்று கணக்குப் போட்டார். வாசகர்கள் பழைய மார்வெல் அட்டை ஒன்றைக் காட்டி, எடை 42.3 பவுண்டுதான் என்றார்கள். இரண்டு தரப்பும் ரசித்துச் செய்த வேலை, எனக்கும் பிடிக்கும். ஆனால் எடை எவ்வளவாக இருந்தாலும் கேள்விக்கு விடை வராது. எடை என்பது மேசைக்கும் ஒன்றுதான், மனிதனுக்கும் ஒன்றுதான். இந்தச் சுத்தியலோ மேசைமேல் பேசாமல் உட்கார்ந்திருக்கும், ஒரு மனிதன் தூக்க வந்தால் மட்டும் அசையாது. அது ஆளைப் பார்க்கிறது.

2015ல் வந்த ஏஜ் ஆஃப் அல்ட்ரானில் இதையே ஒரு விருந்துக் காட்சியாக எடுத்திருக்கிறார்கள். சூப்பர்ஹீரோ படங்களில் மாயமும் அறிவியலும் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசிய சிறந்த காட்சி அதுதான் என்பேன். ஒவ்வொருவராக வந்து தூக்கிப் பார்க்கிறார்கள். அயர்ன் மேனான டோனி ஸ்டார்க் இயந்திரக் கையுறை மாட்டி இழுக்கிறார், முடியவில்லை. உடனே அவருக்கு ஒரு விளக்கம் தோன்றுகிறது: கைப்பிடியில் கைரேகை அடையாளம் பதித்திருக்கிறார்கள், பூட்டு மாதிரி. பொறியாளனாக நானும் முதலில் அதைத்தான் நினைப்பேன். தோர் சிரித்துக்கொண்டே, இதைவிட எளிய விளக்கம் என்னிடம் உண்டு, உங்களில் யாருக்கும் தகுதி இல்லை என்கிறான். இதற்கு நடுவில் கேப்டன் அமெரிக்கா தூக்க முயன்றபோது சுத்தியல் ஒரு நூல் அசைகிறது, தோரின் முகம் மாறுகிறது. அந்தக் குழுவில் இருக்கும் நட்டாஷாவிடம் கேட்டால், அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தேவையில்லை என்று ஒதுங்கிக்கொள்கிறாள்.

நட்டாஷாவின் அந்தப் பதிலைக் கவனியுங்கள். கைரேகைப் பூட்டைப் பார்த்து யாரும் அப்படிப் பயப்பட மாட்டார்கள். திறக்காவிட்டால் வேறு விரலை வைத்துப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். சுத்தியலைத் தொட்டால் தன்னைப் பற்றி ஏதோ வெளியே வந்துவிடும் என்று அவளுக்குத் தெரிகிறது. ஸ்டார்க் சொன்ன விளக்கம் சரி என்று படம் ஏற்றிருந்தால், அவளுடைய தயக்கம், தோரின் முகமாற்றம், 2019ல் எண்ட்கேமில் கேப்டன் அதை ஏந்தும்போது திரையரங்கு எழுந்து கத்தியது, எதுவுமே நடந்திருக்காது. கத்தியவர்களில் நானும் ஒருவன்.

அப்புறம் மறுபக்கம். அறிவியலுக்கும் தனக்கே உரிய கதை உண்டு. அறிவியலால் ஆனது எதுவோ அதை இன்னொருவர் கற்கலாம், அளக்கலாம், திருடலாம், நகல் எடுக்கலாம். அதே பொருளை அதே சூழலில் யார் செய்தாலும் அதே விடை வரும். கெட்டவர் செய்தாலும் வரும். ஸ்டார்க்கின் கதை முழுக்க இதுதான். முதல் படத்திலேயே அவனுடைய கூட்டாளி ஒபதையா அவன் வடிவமைப்பைத் திருடிப் பெரிய கவசம் செய்கிறான். 2010ல் வந்த இரண்டாம் படத்தில் வில்லன் வான்கோ ரஷ்யாவில் ஓர் ஒழுகும் வீட்டில் உட்கார்ந்து, கவசத்தை இயக்கும் அதே உலையைச் செய்துவிடுகிறான். அரசாங்கம் கவசத்தைக் கொடு என்கிறது, போட்டி நிறுவனம் மலிவு நகல் தயாரிக்கிறது. அந்த உலையும் கவசமும் தகுதி பார்ப்பதில்லை. அந்தப் படங்களின் பயம் அங்கேதான் இருக்கிறது.

இப்போது உங்கள் அரிவாளை நானோ தொழில்நுட்பம் என்று சொன்னால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். பத்து காவான் தொழிற்பேட்டையில் நானூறு மீட்டர் நடந்தால் ஒரு தொழிற்சாலை வரும். யாராவது அந்த அரிவாளை எடுத்துப்போய் வெட்டிப் பார்த்து இன்னொன்று செய்துவிடலாம். அதைத் தடுக்க உங்களிடம் காரணம் இருக்காது. அந்தக் கதையும் நல்ல கதைதான், எழுதலாம். ஆனால் அதில் தாத்தா எதற்கு, கோயில் எதற்கு? பேத்திதான் எடுக்க வேண்டும் என்று ஏன்? வேற்றுக்கிரக உலோகம் என்ற ஒரு வரி உங்கள் கதையின் மூன்று முக்கியப் பாத்திரங்களை வேலையில்லாமல் ஆக்கிவிடும்.

சரி, இரண்டையும் சேர்க்கவே முடியாதா என்று கேட்பீர்கள். முடியும். இரண்டு படங்களைச் சொல்கிறேன்.

2016ல் வந்த டாக்டர் ஸ்ட்ரேஞ்சில் மூத்த குரு, மந்திரம் என்ற சொல் உன் நவீன மனதை உறுத்தினால் நிரல் என்று வைத்துக்கொள், யதார்த்தத்தை வடிக்கும் மூலநிரல் என்கிறார். வெறும் பெயர்மாற்றமாக நின்றுபோயிருக்க வேண்டிய வரி. ஆனால் படம் அந்த வார்த்தைக்கு உண்மையாக நடந்துகொள்கிறது. அங்கே மாயம் பிறப்புரிமை இல்லை, படிப்பு. ஸ்ட்ரேஞ்ச் தோற்கிறான், திரும்பச் செய்கிறான், இரவெல்லாம் நூலகத்தில் படிக்கிறான். கை நடுங்குவதால் முடியவில்லை என்றதும், ஒரு கையே இல்லாத ஹமிர் அதைச் செய்து காட்டுகிறார். நூலின் பக்கங்களைக் கிழித்துக்கொண்டு போன கெசிலியஸ் அதே வித்தையைத் தீமைக்குப் பயன்படுத்துகிறான், வேலை செய்கிறது. கற்றவர் எவருக்கும் வசப்படும், திருடனுக்கும் வசப்படும். குவாண்டம் என்ற சொல்லை ஒருமுறைகூட உச்சரிக்காமலேயே அந்த மாயத்தை அறிவியலின் பக்கம் சேர்த்துவிடலாம். சக மாயவித்தகர் மோர்டோ மட்டும் கடைசிவரை, கணக்குத் தீர்க்கும் நாள் வரும் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். விலை என்று நான் சொன்னது இதைத்தான்.

இன்னொன்று 2022ல் வந்த வகாண்டா ஃபாரெவர். இதை நீங்கள் கட்டாயம் திரும்பப் பார்க்க வேண்டும். முதல் பிளாக் பாந்தரில் இதய வடிவ மூலிகையைக் குடித்தவர் முன்னோர் வெளிக்குப் போய்த் தந்தையைச் சந்திக்கிறார். வகாண்டா உலகத்திலேயே முன்னேறிய தொழில்நுட்பம் உள்ள நாடு, ஆனால் அந்த ஊதா வானத்தைப் பற்றி யாரும் விளக்கம் தரவில்லை. மூலிகைத் தோட்டத்தை வில்லன் கில்மோங்கர் எரித்துவிடுகிறான். இரண்டாம் படத்தில் பிளாக் பாந்தரின் தங்கை ஷூரி, முன்னோர் வெளி என்பதையே நம்பாத விஞ்ஞானி, ஆய்வுக்கூடத்தில் அந்த மூலிகையைச் செயற்கையாக உருவாக்குகிறாள். வெற்றி, சக்தி வருகிறது. குடித்ததும் அவள் எதிர்பார்க்காத அந்த இடத்துக்கும் போய்விடுகிறாள். அங்கே காத்திருப்பது அம்மாவோ அண்ணனோ இல்லை. அரியணையில் கில்மோங்கர் உட்கார்ந்திருக்கிறான், ஏனென்றால் அப்போது அவள் மனதில் இருந்தது பழிவாங்கல். மூலிகையைச் செய்தது அறிவியல். நீ யாராக வந்திருக்கிறாய் என்று கேட்டது வேறு ஒன்று. இரண்டும் ஒரே காட்சியில், ஒன்றை ஒன்று விழுங்காமல் நிற்கின்றன.

இதற்கு மாறாக, மார்வெலின் இன்னொரு பாத்திரமான வாண்டாவின் சக்தி 2015ல் ஆய்வுக்கூடச் சோதனையாக இருந்து 2021ல் பழைய சூனியமாக மாறியது. இரண்டு விளக்கமும் தனித்தனியே நன்றாக இருந்தும் அடுத்த படத்தில் அவளால் எது முடியும், எது முடியாது என்பதே தெரியாமல் போய்விட்டது.

குவாண்டம் என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை, என் பிழைப்பு அதில் இருப்பதால். உங்கள் சட்டைப்பையில் இருக்கும் ஃபிளாஷ் நினைவகத்தில் நிஜமான குவாண்டம் வேலை நடக்கிறது. சில நானோமீட்டர் தடிமனான ஆக்சைடு சுவரை எலக்ட்ரான்கள் ஊடுருவி உள்ளே போய் அடைபடுகின்றன. சாதாரண அறிவுக்கு அந்தச் சுவரை அவை தாண்டவே கூடாது. ஆனால் எத்தனை வோல்ட் கொடுத்தால் எவ்வளவு நேரத்தில் போகும் என்று எங்களால் சொல்ல முடியும். ஒவ்வொரு முறை எழுதி அழிக்கும்போதும் அந்தச் சுவர் கொஞ்சம் பழுதாகிறது, ஒருநாள் நினைவகம் செத்துப்போகிறது. படங்களில் வரும் குவாண்டத்துக்கு இந்த வோல்ட்டும் கிடையாது, தேய்மானமும் கிடையாது. சொன்னவுடன் கதவு திறக்கும் சொல்லாக அது மாறிவிட்டது. நாயகனுக்கு ஒரே ஓர் அற்புத விலக்கு கொடுத்துவிட்டு மற்றதெல்லாம் இயற்பியல்படி நடக்கிறதா என்று பாருங்கள் என்பது ஜேம்ஸ் கக்காலியோஸ் சொல்லும் வழி. மின்னசோட்டா பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர், சூப்பர்ஹீரோ கதைகளை வைத்தே பாடம் நடத்தியவர். அந்த ஒரு விலக்கை விளக்க முயலாதீர்கள். அதற்குப் பின்னால் வருவதை ஒழுங்காகச் செய்யுங்கள்.

நம் ஆட்களிடம் இந்த வசனம் வேறு ஒரு வேலையும் செய்கிறது, அதுதான் எனக்கு உண்மையிலேயே கவலை. மாயம் என்பது மறந்துபோன அறிவியல் என்று ஆரம்பித்தால், அடுத்த வரி எப்போதும் நம் முன்னோருக்கு எல்லாம் தெரியும் என்பதாக இருக்கிறது. 2011ல் வந்த ஏழாம் அறிவில் போதிதர்மரின் ஆற்றலை அவர் வழித்தோன்றலின் மரபணுவிலிருந்து எழுப்புகிறார்கள். நோக்கு வர்மமும் மருத்துவமும் பயிற்சி இல்லாமல் டிஎன்ஏ வழியாகத் திரும்பி வருகின்றன. கற்ற வித்தை டிஎன்ஏவில் எழுதப்படுவதில்லை. அதைவிடப் பெரிய இழப்பு, ஒருவர் பல்லாண்டு உழைத்துக் கற்றதை இரத்தத்தின் சொத்தாக மாற்றிவிடுவது. உழைப்பு மறைந்து பரம்பரை மட்டும் நிற்கிறது. நம் மரபில் அட்டமா சித்திகளை அப்படியா சொன்னார்கள்? அணிமா என்றால் அணு அளவு சிறுக்கலாம், மகிமா என்றால் மலை அளவு பெருக்கலாம். ஆன்ட்மேன் செய்வதெல்லாம் அந்த எட்டுக்குள் அடங்கும். ஆனால் யோகத்தில் நின்றவருக்குத்தான் சித்தி, அதிலேயே மயங்கினால் வழி தவறும் என்ற எச்சரிக்கையும் கூடவே உண்டு. விதியும் விலையும் நம்மிடமே இருக்கின்றன.

வாட்ஸ்அப்பில் சுற்றும் வேதகால விமானக் கதையும் இதே குடும்பம். வைமானிக சாஸ்திரம் என்ற நூலை 1974ல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ஐந்து ஆய்வாளர்கள் பொறுமையாகப் படித்துப் பார்த்தார்கள். அது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்டது, அதில் வரைந்திருக்கும் எதுவும் பறக்காது என்று முடிவு சொன்னார்கள். புஷ்பக விமானத்துக்கு இது அவமானமே இல்லை. கம்பனின் விமானத்தை யாரும் எரிபொருள் கேட்டுப் படிப்பதில்லை.

இதற்கு நேர் எதிராக, 1957ல் வந்த மாயாபஜாரைப் பாருங்கள். அதில் ஒரு பெட்டி வரும். திறந்து பார்ப்பவருக்கு அவர் மிகவும் நேசிப்பது தெரியும். சாவித்திரி திறக்கிறார், உள்ளே ஜெமினி கணேசன். இன்றைக்குப் பார்க்கும் பிள்ளைகள், இது மடிக்கணினி, வீடியோ அழைப்பு என்று உடனே சொல்கிறார்கள். காட்சி அளவில் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் வீடியோ அழைப்பில் நீங்கள் யாரை அழைத்தீர்களோ அவர் வருவார். அந்தப் பெட்டியில் நீங்கள் யாரை நேசிக்கிறீர்களோ அவர் வருவார், பக்கத்தில் யார் நின்று பார்த்தாலும் சரி. இதனால்தான் அது கதைக்குள் ஒரு பொறி. யாரும் அதை விளக்கவில்லை, எழுபது ஆண்டு நெருங்கியும் யாரும் விளக்கம் கேட்கவில்லை.

இனி உங்கள் களத்துக்கு நேரடியாகப் பயன்படும் ஒன்று. பினாங்கில் பிறந்த மானுடவியலாளர் அய்வா ஓங், மலேசியத் தொழிற்சாலைகளில் வேலைசெய்த பெண்களைப் பற்றி 1980களில் எழுதியிருக்கிறார். கோலாலம்பூருக்குப் பக்கத்தில் சுங்கைவேயில் இருந்த அமெரிக்க மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில், 1978ல் நுண்ணோக்கியில் வேலை செய்துகொண்டிருந்த சுமார் 120 பெண்களை ஆவி பிடித்தது. தொழிற்சாலையை மூன்று நாள் மூடினார்கள். ஒரு பொமோவை, அதாவது ஆவி ஓட்டும் மலாய் வைத்தியரை, அழைத்துவந்து ஆடு பலி கொடுத்தார்கள். நாட்டின் மிக நவீனமான கட்டடம், உள்ளே ஆவி, இரண்டும் ஒரே நாளில், ஒரே கூரையின் கீழ். அந்த ஆவியைக் கடுமையான வேலை ஒழுங்குக்கு எதிராக அந்தப் பெண்களிடமிருந்து எழுந்த எதிர்ப்பாக அவர் வாசித்தார். ஆவி என்ன பொருளால் ஆனது என்பது அவர் ஆராய்ச்சிக்குத் தேவைப்படவே இல்லை. அது யாரிடம், எங்கே, எந்த நேரத்தில் வந்தது என்பதுதான் எல்லாவற்றையும் சொன்னது.

உங்கள் முனியாண்டி வர வேண்டிய இடமும் அதுதான். பத்து காவான் தோட்டமாக இருந்த இடம். இன்றைக்கு அங்கே மின்னணுத் தொழிற்சாலைகள் நிற்கின்றன, 2014ல் இரண்டாவது பாலமும் வந்துவிட்டது. தோட்டத்தில் முனியாண்டி எல்லைக்குக் காவல். எல்லையே மாறிப்போன பிறகு அவர் எதைக் காப்பார், யாரைக் காப்பார்? இந்தக் கேள்வி கிடைத்த ஓர் ஆளுக்கு வேற்றுக்கிரக உலோகம் எதற்கு, தம்பி? இதுதான் உங்கள் கதை. அரிவாள் தகுதியைப் பார்க்கும் சுத்தியல் மாதிரி இருக்க வேண்டாம், அதை ஏற்கனவே செய்துவிட்டார்கள். அது எல்லையைக் கேட்கட்டும். யாருக்காக எடுக்கிறாள் என்பதைப் பொறுத்துச் சக்தி வரட்டும். தன் வீட்டை மட்டும் காக்க எடுத்தால் வெறும் இரும்பாக இருக்கட்டும். தொழிற்சாலை விடுதியில் தங்கியிருக்கும் நேப்பாளத் தொழிலாளிக்காக எடுக்கும்போது கனம் குறையட்டும். அப்போது அவளுடைய எல்லை எது என்று வாசகருக்கே தெரிந்துவிடும். விலையையும் முதல் அத்தியாயத்திலேயே காட்டிவிடுங்கள். தோட்டத்தில் சாமியாடி இறங்கிய பிறகு எப்படித் துவண்டு விழுவார் என்று வயதானவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள்.

அறிவியலை வெளியே தள்ளவும் வேண்டாம். உங்கள் நண்பர்களுக்கு ஒரு காட்சி கொடுங்கள். பேத்தியின் தோழி தொழிற்சாலையில் வேலை செய்பவளாக இருக்கட்டும். எக்ஸ்ரே கொண்டு உலோகத்தை அறியும் கைக்கருவி அங்கே சாதாரணமாக இருக்கும். அரிவாள்மேல் வைத்து அழுத்துகிறாள். இரும்பு, கொஞ்சம் மாங்கனீசு என்று திரையில் வருகிறது. இன்னொரு முறை அழுத்துகிறாள், அதேதான். கருவி பொய் சொல்லவில்லை, பழுதும் இல்லை. எந்தக் கொல்லரும் அடித்திருக்கக்கூடிய அரிவாள். அந்தத் தோழியை முட்டாளாகக் காட்டாதீர்கள். அவள் சரியாக அளந்தாள், சரியான விடை வந்தது, அவளுக்கு அதற்குமேல் அங்கே வேலையில்லை. பிறகு வில்லனின் கவசமோ கருவியோ வரும்போது அதை அளந்து, எங்கே உடையும் என்று கண்டுபிடிப்பவள் அவளாகவே இருக்கட்டும். அப்போது இரண்டு பேருக்கும் கதையில் இடம் இருக்கும்.

பெயர் விஷயம். தோர் என்ற பெயரை 1962ல் எடுத்துக்கொண்டபோது மார்வெலுக்குப் பெரிய தயக்கம் இருந்திருக்காது. பல நூற்றாண்டுக்கு முன்பே கிறித்தவம் வந்து மூடிவிட்ட வழிபாடு அது. முனியாண்டிக்கு இன்றைக்கும் வெள்ளிக்கிழமை விளக்கேற்றுகிறார்கள், சுருட்டு வைக்கிறார்கள், வேண்டுதல் இருக்கிறது. அதனால் பெயரை வையுங்கள், மாற்றினால் ஊர் போய்விடும். ஆனால் அவரை ஒரு பாத்திரமாக நடக்கவும் வசனம் பேசவும் விடாதீர்கள். அரிவாள், மரத்தடி, சுருட்டு வாசனை, நாய் குரைப்பது, இவை போதும். வரைவதற்கு முன் செபராங் பிறைப் பக்கம் இடம் மாற்றிக் கட்டிய தோட்டத்துக் கோயில் ஒன்றில் போய் உட்கார்ந்து, பூசாரியிடமும் பழைய தோட்டத்து ஆட்களிடமும் கதையைச் சொல்லிக்காட்டுங்கள். எந்தப் பொருளைப் பெண்பிள்ளை தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று அவர்களுக்குள்ளேயே வாதம் வரும். அந்த வாதத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், இரண்டாம் அத்தியாயத்துக்குத் தேவைப்படும்.